தெரு யாருக்குச் சொந்தம்? ரியோவின் சம்பாவும் கொங்கின் பறையும்



சரவணம்பட்டியில் நின்றுகொண்டு பிரேசில் நாட்டுத் திருவிழாவைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் தொலைக்காட்சிச் செய்தியின் கடைசி நிமிடத்தில் அந்தத் திருவிழா வந்துபோகிறது. இறகுகளும் சரிகையும் அணிந்த பெண்கள், வீடு உயரத்துக்கு அலங்கார வண்டிகள், நூற்றுக்கணக்கான முரசுகள். 'ரியோ டி ஜெனிரோவில் களைகட்டிய கார்னிவல்' என்று ஒரு வரி வாசிப்பார்கள், அத்தோடு வானிலை அறிக்கை தொடங்கிவிடும். சம்பா என்றால் நமக்கு நெல்தான் நினைவுக்கு வரும். அங்கே அது ஓர் ஆட்டம், ஓர் இசை, ஒரு மக்கள் கூட்டத்தின் வரலாறு. அந்த வரலாற்றைத் தொலைக்காட்சி சொல்வதில்லை. அதைச் சொல்லிப் பார்த்தால் நம் ஊர்ப் பறையைப் பற்றி நாம் நீண்ட நாளாகப் போட்டுக்கொண்டிருக்கும் ஒரு சண்டைக்கு வெளிச்சம் கிடைக்கும் என்பதால்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

கறுப்பின மக்களின் வரலாற்றை நம் வரலாற்றோடு சேர்த்து வாசிப்பது நமக்குப் புதிதல்ல. சோதிராவ் புலே 1873இல் வெளியிட்ட 'குலாம்கிரி' நூலை, அமெரிக்காவில் அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்டவர்களுக்குக் காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1946இல் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் மும்பையில் எழுந்த தலித் சிறுத்தைகள் இயக்கம் பெயரையே அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டது. அந்த வரிசையில் பிரேசிலையும் சேர்ப்போம்.

1. சங்கிலியிலிருந்து வந்த ஆட்டம்

ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் அடைத்துக் கொண்டுவரப்பட்ட மக்களில் மிகப் பெரும் பகுதியினர் போய் இறங்கிய நாடு பிரேசில். ஏறத்தாழ 48 லட்சம் பேர் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். ரியோ நகரத்தின் வலோங்கோ துறைமுகத்தில் மட்டும் சுமார் 9 லட்சம் பேர் இறக்கப்பட்டார்கள். மண்ணுக்குள் புதைந்து கிடந்த அந்தத் துறையின் கற்களை 2017இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அமெரிக்கக் கண்டத்தில் அடிமை முறையைக் கடைசியாக ஒழித்த நாடும் பிரேசில்தான். 1888 மே 13 அன்று இளவரசி இசபெல் சட்டத்தில் கையெழுத்திட்டார். விடுதலை கிடைத்தது, ஆனால் காணி நிலமும் கூடவே வரவில்லை. பள்ளிக்கூடமும் இல்லை, கூலிக்கு உத்தரவாதமும் இல்லை. இரண்டே ஆண்டுகளில், 1890இல் வந்த தண்டனைச் சட்டம், வேலையில்லாமல் திரிவதைக் குற்றம் என்றது. அடிமைகளின் தற்காப்புக் கலையான கப்போய்ராவையும் குற்றம் என்றது. நேற்று வரை சம்பளமில்லாமல் வேலை வாங்கியவர்கள், வேலையில்லை என்பதற்காக இன்று கைது செய்தார்கள். முரசு வைத்திருந்தவனைப் பிடிக்க இந்தச் சட்டம் போலீசுக்கு வசதியாக இருந்தது. சம்பா இசைக் கலைஞர் ஜோவாவ் ட பாயானா, 1908இல் தன் கைத்தப்பைப் போலீஸ் பறித்துக்கொண்டதைப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஒரு செனட்டர் தன் பெயரை எழுதி வேறொரு தப்பைக் கொடுத்த பிறகுதான் அவரால் பயமில்லாமல் வாசிக்க முடிந்தது. தோல் கருவி தொடுவதற்கு ஒரு பெரிய மனிதரின் கையெழுத்து தேவைப்பட்ட காலம் அது.

சம்பா வளர்ந்த இடம் அரங்கமோ மேடையோ அல்ல. பாயியா மாநிலத்திலிருந்து பிழைக்க வந்த கறுப்பினப் பெண்களின் வீட்டுக் கொல்லைகளில் அது வளர்ந்தது. அவர்களில் தியா சியாட்டா என்பவர் பெயர் இன்றும் நிற்கிறது. 'தியா' என்றால் அத்தை. தெருவில் பலகாரம் விற்றுப் பிழைத்தவர், தங்கள் மக்களின் தெய்வங்களுக்குப் பூசை செய்தவர். முன்னறையில் விருந்து, கொல்லையில் முரசு. 1916இல் தேசிய நூலகத்தில் முதன்முதலாக 'சம்பா' என்ற பெயரில் ஒரு பாட்டு பதிவு செய்யப்பட்டது. அந்தப் பாட்டு உருவான இடம் அத்தையின் வீடுதான். பதிவு டோங்கா என்ற ஒருவர் பெயரில் நடந்தது. கொல்லையில் கூடிப் பாடிய மற்றவர்கள் அது எங்களுடையதும்தான் என்றார்கள். கூட்டாகப் பிறந்த கலைக்கு யார் உரிமையாளர் என்ற தகராறு சம்பாவின் முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது.

அந்தக் காலத்தில் நகரத்தின் அகன்ற வீதிகளில் வெள்ளையர்களின் சங்கங்கள் ஐரோப்பிய பாணியில் கார்னிவல் ஊர்வலம் நடத்தின. கறுப்பர்களுக்குச் சந்துகளும் 'ப்ராசா ஒன்சே' என்ற சதுக்கமும் கிடைத்தன. 1928இல் எஸ்தாசியோ பகுதி இளைஞர்கள் ஒரு குழுவைத் தொடங்கித் தங்களைச் 'சம்பா பள்ளி' என்று அழைத்துக்கொண்டார்கள். பக்கத்தில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. அங்கே பாடம் நடத்த ஆசிரியர்களை உருவாக்குகிறார்கள், நாங்கள் சம்பாவுக்கு ஆசிரியர்களை உருவாக்குகிறோம் என்பது அவர்கள் வாதம். படிப்பு மறுக்கப்பட்டவர்கள் தங்கள் கலைக்குப் பள்ளி என்று பெயர் வைத்தார்கள் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். பெரிய வெண்ணெய் டப்பாவின் வாயில் தோலை இழுத்துக் கட்டி அவர்கள் செய்த கனத்த முரசுதான் இன்று எல்லாச் சம்பா குழுக்களுக்கும் நடையைத் தருகிறது. நம் ஊர்த் துடும்பைக் கேட்டவர்களுக்கு அந்த ஓசை அந்நியமாக இருக்காது.

2. கடலுக்கு அப்பால் நம் தப்பு

இந்த வரலாற்றில் நம்மவர்களும் இருக்கிறார்கள். அடிமை முறை ஒழிந்த தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழ் மக்கள் கொண்டு செல்லப்பட்டார்கள். மொரீசியஸ், ரீயூனியன், கயானா, டிரினிடாட், மார்த்தினிக், குவாதலூப் என்று அந்தப் பட்டியல் நீளும். அவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் ஏராளம். மூட்டையோடு தப்பும் போனது. கயானாவில் மாரியம்மன், காளி வழிபாட்டில் இன்றும் அந்தக் கருவி 'தப்பு' என்ற பெயரிலேயே ஒலிக்கிறது.

டிரினிடாடில் கார்னிவல் என்பது விடுதலையான கறுப்பர்களின் தெருவிழா. 1881இல் போலீஸ் அதை அடக்க வந்தபோது மக்கள் தீப்பந்தங்களோடு எதிர்த்து நின்றார்கள். அதன் பிறகு முரசுக்குத் தடை வந்தது. தோலைத் தடுத்தால் மூங்கிலைத் தரையில் குத்தித் தாளம் எழுப்பினார்கள். மூங்கிலுக்கும் நெருக்கடி வந்தபோது பழைய தகரங்களையும் எண்ணெய்ப் பீப்பாய்களையும் தட்டித் தட்டி இன்று உலகம் அறிந்த எஃகு முரசை உருவாக்கினார்கள். 1884 அக்டோபர் 30 அன்று அதே தீவின் சான் பெர்னாண்டோ நகருக்குள் முகரம் ஊர்வலமாக நுழைய முயன்ற இந்தியக் கூலிகள் மீது போலீஸ் சுட்டது. குறைந்தது 16 பேர் செத்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்டோர் காயம்பட்டார்கள். தோட்டத்துக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் கொட்டிக்கொள், நகரத்துத் தெருவுக்கு வராதே என்பதுதான் உத்தரவு. கறுப்பருக்கும் இந்தியருக்கும் மூன்றே ஆண்டு இடைவெளியில் ஒரே அரசு சொன்ன செய்தி இது.

முரசின் ஓசையைவிட அது எந்தத் தெருவில் ஒலிக்கிறது என்பதே ஆட்சியாளர்களை உறுத்தியது. இதை மனதில் வைத்துக்கொண்டு நம் மண்ணுக்குத் திரும்புவோம்.

3. சாட்டிய கை

புறநானூற்றின் 335ஆம் பாடல் துடியர், பாணர், பறையர், கடம்பர் என்ற நான்கு குடிகளைப் பெருமையோடு சொல்கிறது. போர்ப்பறை, ஏறுகோள்பறை, வெள்ளம் வந்தால் எச்சரிக்கும் பறை என்று பழைய இலக்கியத்தில் பறைக்கு நூறு வேலைகள். பின்னால் வந்த காலம் அந்தக் கருவியைச் சாவோடும் அறிவிப்போடும் கட்டிப்போட்டது. கருவியின் பெயரால் ஒரு மக்கள் கூட்டத்தை அழைத்து, அந்தப் பெயரையே வசையாக்கியது. ஆங்கில அகராதியில் ஒதுக்கப்பட்டவனைக் குறிக்கும் 'பறையா' என்ற சொல் நம் மண்ணிலிருந்து போனதுதான்.

கொங்கு நாட்டில் இந்தக் கதைக்குத் தனி முகம் உண்டு. இங்கே பறை, உருமி, துடும்பு, ஜமாப் என்று தோல் கருவிகளைப் பெரும்பாலும் கையில் ஏந்தியவர்கள் அருந்ததிய மக்கள். தோட்டத்துக் கிணற்றில் கவலை இறைக்கத் தோல் சால் தைத்துக் கொடுத்ததும் அவர்கள், பண்ணையாளாக மாடு பிடித்ததும் அவர்கள். செருப்புத் தைத்தவனுக்கு ஊர்த் தெருவில் செருப்புப் போட உரிமை இல்லை. 1930களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தது. பஞ்சாலைகள் பெருகின, கிணறுகளில் மோட்டார் ஓடத் தொடங்கியது, தோல் சால் மெல்ல மறைந்தது. தொழில் போனது, ஊழியம் போகவில்லை. களத்தில் தானியம் அளப்பது நின்ற பிறகும் சாவுக்கு அடிக்க ஆள் வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நிற்கவில்லை.

நம் ஊர் மாரியம்மன் நோன்பியை எடுத்துக்கொள்ளுங்கள். நோன்பி சாட்டப் பறை வேண்டும். கம்பம் சுற்றி ஆடப் பறை வேண்டும். சாமி இறங்குவதற்கும் பறை வேண்டும். சாட்டிய கையை மட்டும் கோயிலுக்குள் அனுமதிக்க மாட்டார்கள். விழாவைத் தொடங்கி வைப்பவன் விழாவுக்கு வெளியே நிற்கிற இந்த ஏற்பாட்டை நாம் பண்பாடு என்று சொல்லிப் பழகியிருக்கிறோம்.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன், சாதி பற்றிய தன் நூலில் ஓர் ஆவணத்தைப் பதிவு செய்திருக்கிறார். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். தங்க, வெள்ளி நகை அணியக் கூடாது, ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது, குடையும் செருப்பும் கூடாது என்பவை அவற்றில் சில. அடுத்த ஆண்டு அந்தப் பட்டியல் பதினொன்றாக நீண்டது. திருமணத்தில் மேளவாத்தியம் வைக்கக் கூடாது, குதிரையில் ஊர்வலம் போகக் கூடாது என்பதும் அதில் இருந்தது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன.

அடுத்தவன் சாவுக்குப் பறை அடிக்க வேண்டிய அதே மக்கள், தன் வீட்டுக் கல்யாணத்துக்கு இசை வைக்கக் கூடாது. சாதி கலையை அழிக்கவில்லை. யாருக்காக, எந்தத் தெருவில், என்ன உடையில் என்பதைத் தன் கையில் வைத்துக்கொண்டது.

ரியோவின் வண்ண உடைகளை இந்த இடத்தில் மீண்டும் பாருங்கள். ஆண்டு முழுவதும் அடுத்தவர் துணியைத் துவைக்கும் பெண், அந்த இரவில் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரபுவின் பட்டு அங்கியில் வருகிறாள். தன் பாட்டியை விலைக்கு வாங்கியவன் உடுத்திய உடை அது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது பகட்டாகத் தெரியும். முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது என்ற சட்டத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதன் பொருள் விளங்கும். அம்பேத்கரின் சிலை கோட்டு சூட்டோடு நிற்பதன் பொருளும் அதுதான்.

தெரு உரிமைக்கும் நமக்கு நீண்ட போராட்டம் இருக்கிறது. பொதுச் சாலை, கிணறு, குளம், பொது இடங்கள் எல்லாம் ஒடுக்கப்பட்டோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்து நிறைவேற்றினார். அதே ஆண்டில்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்குச் சத்தியாகிரகம் தொடங்கியது. நடப்பதற்கே தீர்மானம் தேவைப்பட்ட மக்களுக்கு, ஆடிக்கொண்டு நடப்பது எவ்வளவு பெரிய அரசியல் என்பதை யோசியுங்கள். ஏப்ரல் 14 அன்று நம் ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்று இன்றும் காவல் நிலையத்தில் உட்கார்ந்து பேச வேண்டியிருப்பது தற்செயல் அல்ல.

4. அடிப்பதா, விடுவதா?

இப்போது நம் சண்டைக்கு வருகிறேன். பறை இழிவின் சின்னம், அதைக் கீழே போடு என்று ஒரு குரல். பறை நம் கலை, அதை உயர்த்திப் பிடி என்று இன்னொரு குரல். இரண்டு குரலும் நம் வீட்டுக்குள்ளிருந்தே வருகின்றன.

முதல் குரலை இளக்காரமாகப் பார்க்கிற வழக்கம் இன்றைய கலை ஆர்வலர்களிடம் இருக்கிறது. அது தவறு. 1927இல் மகாட் மாநாட்டில் அம்பேத்கர், செத்த மாட்டு இறைச்சியையும் இழிந்த ஊழியங்களையும் விட்டொழிக்கச் சொன்னார். தென்னார்க்காட்டில் எல். இளையபெருமாள், சாவுக்குப் பறை அடிக்க மாட்டோம் என்ற இயக்கத்தை ஊர் ஊராகக் கொண்டு போனார். அவர் தலைமையிலான குழு 1969இல் இந்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கைதான் தீண்டாமையின் முகத்தை நாடு முழுவதற்கும் காட்டியது. பறையைப் போட்டுடைத்தவர்கள் இசையை வெறுத்தவர்கள் இல்லை. வா என்றால் வரவேண்டும், அடி என்றால் அடிக்க வேண்டும் என்ற கட்டளையை உடைத்தவர்கள். அதற்காக அடி வாங்கினார்கள், கூலி இழந்தார்கள், ஊரைவிட்டுப் போனார்கள்.

இரண்டாவது குரல் 1990களில், அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி வலுத்தது. மதுரையில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியை மையமாகக் கொண்டு நடந்த தலித் கலை விழாக்களும், அங்கே பாட்டும் பாடமுமாக வாழ்ந்த தியாபிலஸ் அப்பாவுவும், 'தன்னானே' குழுவோடு மேடை மேடையாகப் பாடிய கே.ஏ. குணசேகரனும் அந்தக் காலத்தின் பெயர்கள். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு பெண்களின் கையில் பறையைக் கொடுத்தது. ஆண்களின் ஊழியமாக இருந்த கருவி, பெண்களின் கையில் வந்ததும் யாரும் 'சாவுக்கு வா' என்று கூப்பிட முடியாத கருவியாக மாறியது. 2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் கச்சேரியை நடத்தியது. 2020 முதல் மார்கழியில் மக்களிசை நடக்கிறது. 2025இல் பறை ஆசான் வேலு பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இந்த இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவது நமக்கு நட்டம். மறுத்தவர்களும் ஏந்தியவர்களும் கேட்டது ஒன்றுதான்: என் கை எப்போது அடிக்க வேண்டும், எப்போது அடிக்கக் கூடாது என்பதை நான் முடிவு செய்ய வேண்டும். 'மாட்டேன்' என்று சொல்ல முடிகிற கலைஞன் அடிக்கும்போதுதான் அது கலை. சொல்ல முடியாதவன் எவ்வளவு அழகாக அடித்தாலும் அது ஊழியம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், பட்டியலின மக்களைச் சடலம் சுமக்கவோ குழி தோண்டவோ வைப்பதைக் குற்றம் என்கிறது. கட்டாய ஊழியமும் அந்தச் சட்டத்தில் குற்றமே. 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, அரசு அறிவிப்புக்குத் தண்டோரா போடும் பழக்கத்தைக் கைவிடும்படி மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். ஒரு பறை மௌனமாக்கப்பட்டதைக் கொண்டாட வேண்டிய நேரமும் நம் வரலாற்றில் இருக்கிறது.

5. அணைப்பின் விலை

சம்பாவுக்கு அடுத்து என்ன நடந்தது என்பது நமக்கு எச்சரிக்கை. 1932இல் ஒரு விளையாட்டுப் பத்திரிகை முதல் சம்பா பள்ளிப் போட்டியை நடத்தியது. 1935இல் ரியோ நகர நிர்வாகம் ஊர்வலத்தை அங்கீகரித்துப் பணம் கொடுத்தது. அது கெட்டுலியோ வர்காஸ் ஆட்சிக்காலம். தேசத்துக்கு ஓர் அடையாளம் தேவைப்பட்டது. சம்பா அதற்குப் பொருந்தியது. பதிலுக்குப் பள்ளிகள் தேசத்தின் பெருமைகளைக் கருப்பொருளாக எடுக்க வேண்டும் என்றானது. கறுப்பர்கள் தெருவில் ஆடினார்கள், ஆனால் வெள்ளைத் தளபதிகளின் வீரத்தைப் பாடி ஆடினார்கள். 1940களின் தொடக்கத்தில் அகன்ற சாலை போடுவதற்காக ப்ராசா ஒன்சே சதுக்கமே இடித்துச் சிதைக்கப்பட்டது. சம்பா தேசிய இசையாகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் அது பிறந்த இடம் வரைபடத்திலிருந்து அழிந்தது. 1984இல் ஆஸ்கார் நீமேயர் வடிவமைத்த சம்பா அரங்கம் வந்தது. தெருவிழா நுழைவுச் சீட்டு வாங்கிப் பார்க்கும் காட்சியாக மாறியது.

இதற்குத் துணையாக ஒரு கோட்பாடும் வந்தது. கில்பெர்த்தோ பிரேய்ரி 1933இல் எழுதிய நூல், எஜமானர் மாளிகையும் அடிமைக் குடிலும் கலந்து உருவான இனிய சமூகமே பிரேசில் என்ற எண்ணத்தைப் பரப்பியது. நாங்கள் எல்லோரும் கலந்தவர்கள், இங்கே நிறவெறி இல்லை, பாருங்கள் எல்லோரும் சம்பா ஆடுகிறோம் என்றார்கள். 1944இல் கறுப்பர் நாடகக் குழுவைத் தொடங்கிய அப்தியாஸ் டு நாசிமெண்டு இதைப் பொய் என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டே இருந்தார். சம்பா எல்லோருடையதாகவும் ஆனது, மலைச்சரிவுக் குடிசைகள் மட்டும் கறுப்பர்களுடையதாகவே இருந்தன.

இந்த வாதம் எங்கோ கேட்டது போல் இருக்கிறதா? பறை தமிழர்களின் ஆதி இசை என்கிறார்கள். மகிழ்ச்சிதான். திருமண மண்டபத்தில், கட்சி மாநாட்டில், கல்லூரி ஆண்டு விழாவில், கடைத் திறப்பு விழாவில் பறையும் ஜமாப்பும் ஒலிக்கின்றன. இந்தச் சத்தி சாலையில் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்து, சரவணம்பட்டி 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்த பிறகு, அந்த ஓசை இங்கே குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது. 'தமிழர்' என்று சொல்லும்போது அந்தக் கருவியைக் காய்ச்சிக் காய்ச்சிக் காப்பாற்றிய சாதியின் பெயர் மட்டும் நாசூக்காக விடுபட்டுப் போகிறது. ஆதி இசை எல்லோருக்கும் சொந்தம், ஆதி இசையின் இழிவு ஒரு தெருவுக்கு மட்டும் சொந்தம். 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில், வளவை மறைத்து உயர்ந்து நின்ற மதில் மழையில் சரிந்து 17 பேரைக் கொன்றது. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒலித்தபோது இழிவாக இருந்த பறை, அந்தப் பக்கம் போனதும் பண்பாடாக மாறுகிறதென்றால், நாம் இசையைப் பற்றிப் பேசவில்லை, சுவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

6. அவர்கள் திரும்ப எடுத்த வழி

சம்பா பள்ளிகள் அந்த அணைப்பிலேயே மூச்சுத் திணறிச் சாகவில்லை. அவற்றிடம் இரண்டு பலங்கள் இருந்தன. ஒன்று, பள்ளி என்ற அமைப்பு அந்தக் குடியிருப்பிலேயே இருந்தது. ஒத்திகைக் கூடம், தையல் வேலை, வண்டி கட்டும் தச்சு, சிறுவர்களுக்கான முரசுப் பயிற்சி என்று ஆண்டு முழுவதும் அது இயங்கியது. இரண்டு, ஒவ்வோர் ஆண்டும் ஒரு கருப்பொருளைத் தேர்ந்து, அதற்குப் பாட்டு எழுதி, உடை தைத்து, தெருவில் ஒரு கதையாக நடத்திக் காட்டும் மரபு அவற்றுக்கு இருந்தது. அந்தக் கதையை யார் எழுதுவது என்பதுதான் அடுத்த போராட்டம் ஆனது.

1960இல் சல்கெய்ரோ பள்ளி, தளபதிகளைத் தள்ளிவிட்டுப் பால்மாரெஸைக் கொண்டுவந்தது. தப்பியோடிய அடிமைகள் பதினேழாம் நூற்றாண்டில் அமைத்துக் காத்த விடுதலைக் குடியிருப்பு அது. அதன் தலைவர் சும்பி. 1974இல் சல்வடோர் நகரில், கறுப்பர்கள் மட்டுமே சேரக்கூடிய 'இலே ஆய்யே' குழு பிறந்தது. பத்திரிகைகள் அதை இனவெறி என்று திட்டின. வெள்ளையர் மட்டுமே இருந்த மன்றங்களை அதே பத்திரிகைகள் அப்படித் திட்டியதில்லை. 1988இல் அடிமை ஒழிப்பின் நூற்றாண்டு. மங்கெய்ரா பள்ளி அந்த விடுதலை உண்மையா, மாயையா என்று கேட்டது. ஆப்பிரிக்கக் கொண்டாட்டத்தைக் கருப்பொருளாக்கிய விலா இசபெல் பள்ளி வென்றது. 2003இல் பிரேசில் பள்ளிகளில் ஆப்பிரிக்க வரலாறு கட்டாயப் பாடமானது. 2019இல் மங்கெய்ரா, பாடநூல் மறைத்த வரலாற்றையே கருப்பொருளாக்கிப் பட்டம் வென்றது. இளவரசி கொடுத்ததல்ல விடுதலை, போராடிப் பெற்றது என்று தெருவில் பாடியது. முந்தைய ஆண்டு மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்ட கறுப்பின நகர்மன்ற உறுப்பினர் மரியெல் பிராங்கோவின் பெயர் அந்தப் பாட்டில் ஒலித்தது.

அரங்கத்துக்குச் சீட்டு விற்றவர்களால் அந்தப் பாட்டை நிறுத்த முடியவில்லை. கதை எழுதும் உரிமை குடியிருப்பிலேயே இருந்ததால்தான் அது நடந்தது.

7. நமக்கு என்ன வேலை?

நம்மிடம் கலைஞர்கள் இருக்கிறார்கள், அடி இருக்கிறது, ஆட்டம் இருக்கிறது. இல்லாதது பள்ளி. குழு என்பது அழைப்பு வந்தால் போய் அடித்துவிட்டு வருவது. பள்ளி என்பது அழைப்பே இல்லாத மாதத்திலும் நடப்பது. வளவுக்கு ஒரு கூடம், வாரம் இரண்டு மாலை பயிற்சி, அடிகளின் பெயரையும் அவற்றைச் சொல்லிக்கொடுத்த ஆசான்களின் பெயரையும் எழுதி வைக்கும் ஒரு நோட்டு, இவ்வளவு போதும் தொடங்குவதற்கு. தோலுக்குப் பதில் ஃபைபர் வந்துவிட்ட இந்தக் காலத்தில், வைக்கோல் தீயில் தோலைக் காய்ச்சிச் சுதி சேர்க்கத் தெரிந்த கடைசித் தலைமுறை நம்மோடு இருக்கிறது. அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டியது மாணவர்களின் பொறுப்பு.

அடுத்து, கதை. ஏப்ரல் 14 ஊர்வலத்துக்கு ஆண்டுக்கு ஒரு கருப்பொருள் வைத்துக்கொள்ளலாம். ஓர் ஆண்டு இரட்டைமலை சீனிவாசனின் 1924ஆம் ஆண்டுத் தீர்மானம். ஓர் ஆண்டு, இரவுப் பள்ளிகள் நடத்திச் சட்டமன்றத்திலும் பேசிய அருந்ததியர் தலைவர் எல்.சி. குருசாமி. ஓர் ஆண்டு, தீரன் சின்னமலையோடு நின்ற பொல்லான். ஓர் ஆண்டு, 2009இல் வந்து, 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு வழங்கிய தீர்ப்பால் வலுப்பெற்ற மூன்று விழுக்காடு உள் ஒதுக்கீடு. ஓர் ஆண்டு நடூர்ச் சுவர். அதை அட்டையில் கட்டி, வண்டியில் ஏற்றி, 17 பறைகளோடு நடத்திக் காட்டினால், எந்தப் பாடநூலும் சொல்லாததைத் தெரு சொல்லும்.

மூன்றாவது, நிபந்தனை. அழைக்கிறவர்கள் யாராக இருந்தாலும் கூலி முன்கூட்டியே பேசப்பட வேண்டும். விருந்தினர்கள் சாப்பிடும் பந்தியிலேயே கலைஞர்களுக்கும் இலை போட வேண்டும். அழைப்பிதழில் குழுவின் பெயரோடு ஆசானின் பெயரும் அச்சாக வேண்டும். கோயில் விழாவென்றால், சாட்டுகிற கைக்குக் கருவறை முன் நிற்கும் உரிமை முதலில் வேண்டும். இவற்றில் ஒன்று மறுக்கப்பட்டாலும் பறையை உறையில் போட்டுக்கொண்டு திரும்பி வர வேண்டும். ஒரு குழு மறுத்த இடத்துக்கு இன்னொரு குழு போகக் கூடாது. இளையபெருமாள் கற்றுக்கொடுத்த மறுப்பு என்பது இதுதான். அது கலைக்கு எதிரி அல்ல, அதன் காவல்.

ரியோவில் நான்கு நாள் கொண்டாட்டம் முடிந்து சாம்பல் புதன் வந்ததும், ராஜா வேடம் போட்டவன் தெருக் கூட்டும் வேலைக்குத் திரும்புகிறான். அவன் வாழும் மலைக்குப் போலீஸ் துப்பாக்கியோடு ஏறுகிறது. கோவை மாநகராட்சியில் விடியற்காலையில் தெருவைக் கூட்டும் கைகள் யாருடையவை என்பதும் நமக்குத் தெரியும். கலைக்குக் கிடைக்கும் கைத்தட்டல் மக்களுக்குக் கிடைக்கும் விடுதலை ஆகிவிடாது. ஆனால் தெருவைக் கூட்டுகிறவர்களே அந்தத் தெருவில் தங்கள் கதையைச் சொல்லி ஆடி வரும்போது, தெரு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை ஊர் தவிர்க்க முடியாது. அந்தக் கேள்வியை ஆண்டுக்கு ஒரு முறையாவது உரக்கக் கேட்பதற்கு நமக்கு ஒரு கருவி இருக்கிறது. அதை எப்போது எடுப்பது, எப்போது கீழே வைப்பது என்பதை இனி நாமே முடிவு செய்வோம்.

ஜெய்பீம்.